லூர்துசாமி காதில் சில்வண்டு

நெஞ்சக நோய்ப் பிரிவில் மேல்படிப்புக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசுங்கள் மேடம் என்று கூப்பிட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது கூப்பிட்டவர்களுக்கே தெரியும். தெரிந்தும் கூப்பிட்டால் அது அவர்கள் தலையெழுத்து.

எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மாதம் என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அது உங்கள் செல்போனில் இருக்கிறது, என் ஞாபகத்தைவிடச் சரியாகவே இருக்கிறது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு மனிதரைப் பற்றி. விழுப்புரத்தில் நான் வேலை பார்த்த கடைசி வருஷங்களில் என் தூக்கத்தைக் கெடுத்தவர் அவர்.

அதற்கு முன்னால் இந்தப் பக்கத்து நுரையீரலைப் பற்றிக் கொஞ்சம். எப்போதோ வந்த காசநோய் ஆறிப்போயிருக்கும். ஆறின இடத்தில் மூச்சுக்குழாய் பழைய பனியன் மாதிரி தொளதொளவென்று விரிந்து கிடக்கும், அதில் சளி தேங்கும். தேங்கின சளியில், மண்ணிலும் தண்ணீர்த் தொட்டியிலும் சும்மா கிடக்கிற சில கிருமிகள் வந்து குடியேறிக்கொள்ளும். காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அதே சிவப்புக் குச்சி. ஆனால் இது காசநோய் மாதிரி வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொண்டு போவதில்லை. என்.டி.எம். என்று நாம் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

நம் ஊரில் சிவப்புக் குச்சியைப் பார்த்த கை உடனே காசநோய் மருந்தை எழுதிவிடும். எழுதிப் பழகின கை. கல்ச்சரில் வளர்த்து, இது எந்தக் குச்சி என்று பெயர் கேட்கிற பொறுமை குறைவு. சரி, பெயர் தெரிந்துவிட்டது, உடனே மருந்தா என்றால் அதுவும் கிடையாது. வல்லம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். சளியில் கிருமி இருந்தது, ஆனால் எடை குறையவில்லை, எக்ஸ்ரே படத்தில் மாற்றமில்லை. மருந்து இப்போது வேண்டாம், சளியை மட்டும் தினமும் முறையாக வெளியே எடுங்கள், நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்றேன். அவர் மகனுக்குக் கோபம். "கிருமி இருக்குதுன்னு ரிப்போர்ட்ல போட்டுக்குது, நீங்க மருந்து இல்லன்றீங்க. என்னா டாக்டருங்க நீங்க?" என்று வராண்டா முழுக்கக் கேட்கும்படி கத்தினான். அந்த அம்மா இன்றைக்கும் களை எடுக்கப் போகிறார்கள். மருந்து கொடுப்பதைவிடக் கொடுக்காமல் கூடவே இருப்பதற்குத் தைரியம் அதிகம் வேண்டும். திட்டு வாங்கத் தயாராக இருங்கள்.

லூர்துசாமி விஷயத்துக்கு வருகிறேன்.

நாற்பது வயதிருக்கும். சின்ன வயதிலேயே அம்மை வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். வீடு திண்டிவனத்தில். மனைவி மேரி அங்கே ரோட்டோரம் கேப்பைக் கூழ் வண்டி போட்டிருந்தாள். கணவர் ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில் வண்டியைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டுக் கூடவே வருவாள். மேரி எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் பேச்சு! கதவைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். "இங்க ஒரு படி இருக்குது. டாக்டரம்மா நீலப் பொடவ கட்டிக்கினு உக்காந்துக்குறாங்க. மூஞ்சி கொஞ்சம் வாடிக் கெடக்குது, சாப்புடல போலக்குது. நாற்காலி உன் சோத்துக் கை பக்கம்." அவர் சிரித்துக்கொண்டே உட்காருவார். "பாத்தீங்களா, உங்க மூஞ்சி எனக்குத் தெரிஞ்சிபோச்சி" என்பார். எனக்கு அந்தத் தம்பதி வந்தாலே மனசு லேசாகிவிடும். இதை மறைப்பானேன்.

என்னிடம் வருவதற்கு முன்னால் அவருக்கு இரண்டு தடவை காசநோய் மருந்து முழுசாகக் கொடுத்தாகிவிட்டது. இருமல் நிற்கவில்லை, சிவப்புக் குச்சியும் போகவில்லை. மருந்துக்கு அடங்காத காசநோய் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மனிதருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கொல்லைப்புறத்தில் தனி ஷெட். அவர்களுக்கு ஜெனி என்று ஒரு பெண் குழந்தை, நாலு வயசு. அவளைக் கிட்டேயே சேர்ப்பதில்லை. குழந்தை ஷெட்டுக்கு வெளியே நின்று கதை கேட்குமாம், அப்பா உள்ளேயிருந்து சொல்வாராம்.

கல்ச்சர் முடிவு வந்தது. என்.டி.எம். பங்காளிதான். இது குழந்தைக்கு ஒட்டாது, வீட்டுக்குள் போய்ப் படுங்கள் என்றேன். மேரி நம்பவில்லை. "மெய்யாலுமா? மெய்யாலுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். லூர்துசாமி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அன்றைக்கு எனக்கும் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற ஹவுஸ் சர்ஜன் பெண் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. நல்ல பெண்.

கொஞ்ச காலம் அவரையும் மருந்தில்லாமல்தான் வைத்திருந்தேன். காலையிலும் மாலையிலும் உப்புத்தண்ணீர் ஆவி பிடித்து, மூச்சுப் பயிற்சி செய்து சளியை எடுப்பார். பிறகு எடை இறங்க ஆரம்பித்தது. ஒரு நாள் அலுவலகத்தில் யாருக்கோ லைன் கொடுத்துக்கொண்டிருந்தபோது இருமி, ரத்தமாக வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்தால் இடது நுரையீரலின் மேல்பகுதியில் ஓட்டை. இனிமேல் காத்திருப்பது வைத்தியம் இல்லை, சோம்பேறித்தனம்.

நுரையீரலில் ஓட்டை விழுந்தால் மாத்திரைகளோடு முதல் சில மாதம் அமிகாசின் ஊசியும் வேண்டும். அந்த ஊசியின் குணம் உங்களுக்குத் தெரியும். காதைத் தொடும். தொட்டதைத் திருப்பித் தராது.

மாத்திரைகளில் ஒன்று கண் நரம்பைத் தொடக்கூடியது. அதை முதலில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த மாத்திரைக்கு எங்கிட்ட வேலையே இல்லீங்களே டாக்டரம்மா! ரெண்டா வேணா குடுங்க." சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடுத்ததாகக் காதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"எவ்வளவு போவும்?"

"போகாமலும் இருக்கலாம். வாரத்துல சில நாள் மட்டும் போடறேன். ரத்தத்துல மருந்து அளவு பாக்கறேன். மாசாமாசம் காது டெஸ்ட். காதுல கொய்ங்குனு ஒரு சத்தம் கேட்டாலும் அன்னைக்கே எங்கிட்ட சொல்லணும். அப்பவே நிறுத்திடலாம்."

"சொல்றேங்க" என்றார். மேரி அவர் தலையில் கை வைத்து, "என் மேல சத்தியமா சொல்லிடணும்யா" என்றாள். "சத்தியம் பண்றவன் நான், உன் தலையில நான்ல கை வெக்கணும், நீ எதுக்கு வெக்கிற?" என்று அவர் கேலி செய்ய, சத்தியம் அப்படியே நழுவிப் போனது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. மேரியும் கவனிக்கவில்லை.

ஊசி நன்றாக வேலை செய்தது. ரத்தம் நின்றது. எடை ஏறியது. படியேறும்போது நடுவில் நிற்பதில்லை என்றார். காது பரிசோதனைத் தாள் ஒவ்வொரு மாதமும் நல்லபடியாகவே வந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். மருத்துவருக்கு ரொம்ப சந்தோஷம் வந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு பள்ளி விடுமுறை நாளில் ஜெனியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சும்மா இருக்காது அந்தக் குட்டி. என் ஸ்டெதஸ்கோப்பையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் காதில் மாட்டி, அப்பா நெஞ்சில் வைத்தேன்.

"என்ன கேக்குது?"

"டப்பு டப்புங்குது." கொஞ்ச நேரம் உற்றுக் கேட்டது. "சில்வண்டு கேக்கலயே?"

"எந்த சில்வண்டு?"

"அப்பா காதுல இருக்குதுல்ல, அது. நிக்காம பாடிக்கினே இருக்குமாம். அதான் நான் கூப்புட்டா அப்பாக்கு சில வாட்டி கேக்கறதில்ல. டாக்டரம்மாகிட்ட சொல்லக்கூடாது, சொன்னா அத புடிச்சிக்கினு போய்..." என்று சொல்லிக்கொண்டே வந்த குழந்தை சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

லூர்துசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னாயா சொல்லுது கொழந்த?" என்றாள் மேரி.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! பளாரென்று ஒன்று விடலாம் போல இருந்தது. மேசையில் இருந்த தாளை எடுத்து ஆட்டினேன். எதிரில் இருப்பவருக்குக் கண் தெரியாது என்பதுகூட மறந்துவிட்டது. "போன வாரம் எடுத்த டெஸ்ட் நார்மல்னு வந்திருக்கே லூர்து? எப்படி வந்துச்சு?"

அவர் மெதுவாகச் சொன்னார். "டெஸ்ட் எடுக்கற அந்தப் பொண்ணு மிஷின் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்குங்க டாக்டரம்மா. ஒவ்வொரு வாட்டியும் அமுக்கும்போது கை வளையல் மேசையில இடிக்கும். ஹெட்போன்ல சத்தம் வருதோ வரலியோ, வளையல் இடிச்சா நானும் என் கையில குடுத்த பட்டன அமுக்கிடுவேன்."

நீங்களும் யோசித்துப் பாருங்கள். கண் தெரியாத ஒரு மனிதர், காது போய்க்கொண்டிருக்கும்போது, மிச்சமிருக்கிற காதை வைத்தே காது பரிசோதனையை ஏமாற்றியிருக்கிறார். எதற்காக?

அதைத்தான் கேட்டேன். "எதுக்கு மறைச்சீங்க? காதுதானே உங்களுக்கு எல்லாம்?"

"நீங்க அப்படி நெனச்சிக்கினு இருக்கீங்க." குரலில் கோபமில்லை. "சொன்னா ஊசிய நிறுத்திடுவீங்க. ஊசி போட்டப்புறம்தான் ரத்தம் நின்னுது. காது போனா போவட்டுங்க. பாப்பா கையப் புடிச்சிக்கினு நடந்துடுவேன். எனக்கு மூச்சு போயிட்டா, அவ யாரு கையப் புடிப்பா?"

கண் இல்லாதவருக்குக் காதுதான் உயிர் என்று நானே முடிவு கட்டி, அதைக் காப்பாற்றுவதில் கண்ணாக இருந்தேன். அவரோ தன் கணக்கைத் தனியாகப் போட்டு, காதை விலையாகக் கொடுத்துவிட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். அவர் உடம்பு, அவர் முடிவு. இன்னும் கொஞ்ச நாள் ஊசியைத் தொடர்ந்தால் ஓட்டை ஆற வாய்ப்பு அதிகம். தொடரலாமா என்று ஒரு கணம் என் மனசும் ஆடியது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த இடத்தில் எது சரி என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

பேசியது மேரிதான். அதுவரை அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

"என்னிய ஒரு வார்த்த கேட்டியாயா?"

அவர் அவள் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"உன் காது உன்னுது மட்டுமா? கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் பாக்கறத எல்லாம் அதுலதான கொட்டிக்கினு வரேன். பாப்பா பொறந்தப்போ மூக்கு உன்ன மாதிரின்னு எங்க சொன்னேன்? அதுலதான சொன்னேன். நாளைக்கு நீ உக்காந்துக்கினு இருப்ப. மூச்சு வரும், போவும். சோறு துன்னியான்னு நான் எப்படியா கேப்பேன்? மத்தவங்கனா உன் உள்ளங்கையில வெரலால எழுதிச் சொல்லுவாங்க. எனக்கு எழுதத் தெரியுமா? நீ இருப்ப, ஆனா உங்கிட்ட வர எனக்கு வழி எது?"

அவள் அழவில்லை. முந்தானையை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அழுதது ஜெனிதான், ரகசியத்தைச் சொல்லிவிட்டோமே என்று. லூர்துசாமி கையை நீட்டித் தேடி, குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நீ ஒண்ணும் தப்பு பண்ணலடி. அப்பாதான் பொய் சொன்னேன்" என்றார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நிறுத்திடுங்க டாக்டரம்மா."

"நிறுத்தினா ஓட்டை ஆறாமலும் போகலாம். அதையும் நான் சொல்லணும்."

"கேட்டுக்கினேங்க." மேரி இருந்த பக்கம் தலையை ஆட்டினார். "இவ கேக்கறதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

அன்றைக்கே மறுபடி காது பரிசோதனைக்கு அனுப்பினேன். போன் செய்து, அந்தப் பெண்ணை வளையலைக் கழற்றிவிட்டு, அவருக்குப் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். மெல்லிய உயர்ந்த ஒலிகள் இரண்டு காதிலும் போயிருந்தன, இடது காதில் அதிகம். பேச்சுக் குரல் வருகிற பகுதி வலது காதில் நன்றாகவே இருந்தது. இன்னும் ஒரு மாதம் தெரியாமல் போயிருந்தால் அதுவும் போயிருக்கும். அதற்குப் பிறகு வளையலைக் கழற்றச் சொல்லாமல் யாரையும் நான் காது பரிசோதனைக்கு அனுப்பியதில்லை. நீங்களும் அனுப்பாதீர்கள். தாளை மட்டும் நம்பாமல், வீட்டில் டிவி சத்தம் எவ்வளவு வைக்கிறார், கூப்பிட்டால் திரும்புகிறாரா என்று கூட வந்தவர்களிடம் கேளுங்கள். குழந்தை வந்திருந்தால் குழந்தையிடமும்.

இது சின்ன விஷயம்தான். பெரிய விஷயம் வேறு. மருந்து ஒன்றைத் தரும், ஒன்றை எடுக்கும். எதைக் கொடுக்கலாம் எதைக் கொடுக்கக்கூடாது என்று நாம் ஒரு பக்கம் தீர்மானிக்கிறோம், நோயாளி மனசுக்குள் ஒரு பக்கம் தீர்மானிக்கிறார். அந்த இரண்டு பேரும் கணக்கில் சேர்க்காத மூன்றாவது ஆள் ஒருத்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவள் வாயைத் திறக்கும்வரை பொறுத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வெளியே கூட்டம் நிற்கும். நிற்கட்டும்.

ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைகளைத் தொடர்ந்தோம். சளி எடுக்கும் பயிற்சியை மேரி தன் கையில் எடுத்துக்கொண்டாள். கூழ் வண்டியில் கூட்டம் மொய்த்தாலும் அந்த நேரத்துக்கு வீட்டுக்கு ஓடிப்போய் அவர் முதுகில் தட்டிக்கொடுப்பாள். பிறகு வந்த மாதங்கள் பேஜாரான மாதங்கள். சளி கல்ச்சரில் கிருமி வந்துகொண்டே இருந்தது. முடிவு வருகிற நாளில் எனக்குக் காலையில் இட்லி இறங்காது. தப்பாக முடிவெடுத்துவிட்டோமோ என்று தோன்றும். அவர்கள் இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கும்.

ஒரு மாதம் கிருமி வளரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. அதற்கடுத்த மாதமும் வளரவில்லை. அப்படியே நின்றது. நம் வழக்கப்படி அதற்குப் பிறகும் ஒரு வருஷம் மாத்திரையைக் கொடுத்தேன். ஓட்டை சுருங்கித் தழும்பாகிவிட்டது. காதில் போனது போனதுதான். சில்வண்டும் போகவில்லை. ஜெனிக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் என்றுகூட எனக்குச் சந்தேகம்.

மாத்திரையை நிறுத்தலாம் என்று நான் சொன்ன நாளில் மேரி மட்டும்தான் அவரோடு வந்திருந்தாள். இந்தக் கிருமி மறுபடியும் வரலாம், சளி எடுப்பதை விடக்கூடாது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரவேண்டும் என்று வழக்கமான எச்சரிக்கை எல்லாம் சொன்னேன். அவர் வலது காதை என் பக்கம் கொடுத்துக் கேட்டுக்கொண்டார். எழுந்து கும்பிட்டார். எனக்கு ஏதோ பெரிதாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. போய்ட்டு வாங்க என்றேன்.

அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீளமான வராண்டா, ஓ.பி. கூட்டம், ஒரே இரைச்சல். மேரி அவருக்கு இடது பக்கம் நடந்தவள், நாலு எட்டு போனதும் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்து கையைக் கோத்துக்கொண்டாள். பேச ஆரம்பித்தாள். கையை நீட்டி எதையோ காட்டினாள், தலையை ஆட்டினாள், நிற்காமல் பேசினாள். பாதி வராண்டா போனதும் அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.